கடல் இல்லாத ஊரின் கரைகள்

பெங்களூரின் ஏரிக்கரைகளில் நடந்தால் நகரத்துக்கு அடியில் இன்னும் உயிரோடிருக்கும் கிராமங்கள் தெரியும். தமிழ்நாட்டுக் கடற்கரை வரை வருகிற தண்ணீரின் கதையும் தெரியும்.

பெங்களூரில் கடல் கிடையாது. ஊருக்கு நடுவே பேர் சொல்லும்படி ஓர் ஆறும் ஓடவில்லை. ஆனாலும் கரையோரம் நடக்கிறவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. விடிகாலையில் ஜக்கூரிலோ அகரத்திலோ பேகூரிலோ போய் நின்றால் பார்க்கலாம். குல்லாயும் ஸ்வெட்டருமாகப் பெரியவர்கள், ஓட்டமும் நடையுமாக இளைஞர்கள், கேமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பறவை பார்க்க வந்தவர்கள், புல் அறுக்கக் கருக்கரிவாளோடு வந்த பெண்கள் என்று ஒரே மண்கரையில் பல பெங்களூர்கள் நடக்கின்றன.

அந்தக் கரை இயற்கையாக அமைந்ததல்ல. மண் சுமந்து மனிதர்கள் கட்டியது. சில இடங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கட்டியது. உடம்புக்கு நல்லது என்று ஏரியைச் சுற்றி நடப்பவர்கள் இன்று ஏராளம். அவர்களிடம் இந்தக் கட்டுரை கேட்பது ஒன்றுதான்: ஏரியைச் சுற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியிலும், ஏரியை விட்டுத் தண்ணீர் போகும் வழியிலும் கொஞ்சம் நடங்கள். ஊர் வேறு மாதிரித் தெரியும்.

ஒரு மேடு, இரண்டு சரிவு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், வடக்கு தெற்காக நீண்ட ஒரு மேட்டின் மேல் இருக்கிறது பெங்களூர். மேட்டுக்கு மேற்கே பெய்யும் மழை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் சேர்ந்து, மேகதாட்டுக்கு அருகே சங்கமத்தில் காவிரியோடு கலக்கிறது. கிழக்கே பெய்யும் மழை கோரமங்களா, சல்லகட்டா, ஹெப்பாள் பள்ளத்தாக்குகள் வழியாகத் தட்சிண பினாகினிக்குப் போகிறது. அதுதான் ஓசூருக்கு வரும்போது நம் தென்பெண்ணை. ஒரே தெருவில் பெய்த மழையில் பாதி பூம்புகாருக்கும் பாதி கடலூருக்கும் போய்ச் சேரக்கூடிய ஊர் இது.

மேட்டு நிலத்தில் மழைநீர் நிற்காது. ஓடும் நீரை அங்கங்கே மறித்துத்தான் இங்கே உழவு நடந்தது. பள்ளத்தின் குறுக்கே ஒரு கரை, கரையில் ஒரு மதகு, ஓரத்தில் ஒரு கோடி, அதாவது கலிங்கு. மேல் ஏரி நிறைந்தால் கோடி வழிந்து, கால்வாய் வழியே கீழ் ஏரிக்கு வரும். அது நிறைந்தால் அடுத்தது. இந்தக் கால்வாய்களுக்கு இங்கே ராஜகாலுவே என்று பெயர். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்து மதகைத் திறந்து மூடியவர் நீர்கண்டி. தமிழ்நாட்டு ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்த அதே வேலைதான் அது.

எனவே பெங்களூரின் எந்த ஏரியும் தனி ஏரி இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சங்கிலியின் கண்ணி. மேலே ஒருவர் கால்வாயை அடைத்தால் கீழே ஒருவர் வீட்டுக்குள் தண்ணீர் வரும். மேலே ஒருவர் கழிவைத் திறந்துவிட்டால் கீழே ஒருவர் கிணறு கெடும். ஒரு ஏரியை மட்டும் பத்து முறை சுற்றினாலும் இது கண்ணில் படாது. ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு நடக்கும்போதுதான் படும்.

கல்லில் எழுதிய கரைகள்

ஏரி வெட்டியதை இந்த ஊர் கல்லில் எழுதி வைத்திருக்கிறது. ஒயிட்ஃபீல்டு பக்கம் காடுகோடியில் கிடைத்த ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு 1043-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ராஜராஜ வேளான் என்ற தலைவன் பட்டந்தூர் ஏரியைக் கட்டி, மதகு வைத்து, கோயில்கள் எடுத்ததை அது சொல்கிறது. இன்று பட்டந்தூர் அக்ரஹாரா என்பது ஊதா வழித்தட மெட்ரோவில் ஒரு நிலையத்தின் பெயர். தினமும் அதில் ஏறி இறங்கும் மென்பொருள் ஊழியர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டை நெருங்கும் ஓர் ஏரி இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அகரத்தில் கிடைத்த கங்கர் காலக் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏரிகளுக்கு மதகு வைத்ததையும் கிழக்கே புதிதாக ஓர் ஏரி கட்டியதையும் அது பதிவு செய்திருக்கிறது. மடிவாளா சோமேஸ்வரர் கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வெங்கலூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. கெம்பேகவுடா 1537-ல் கோட்டை கட்டுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏரியை வைத்து நிலத்துக்கு அடையாளம் சொல்லும் ஊராக இது இருந்திருக்கிறது.

மடிவாளாவை விடப் பழையது பேகூர். நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில் உள்ள வீரக்கல், ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. பெங்களூர் என்ற பெயர் வரும் மிகப் பழைய சான்று அதுதான். கோயிலைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தூரத்தில் உள்ள பேகூர் ஏரிக்கரைக்கு நடந்து வரலாம். வழியில் அரசமரத்து மேடை, நாகர் கற்கள், மாட்டுக் கொட்டில்கள் எல்லாம் அடுக்குமாடிகளுக்கு நடுவே அப்படியே இருக்கின்றன. கிராமம் எங்கும் போய்விடவில்லை. அதைச் சுற்றி நகரம் எழும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜக்கூர்: கழிவுநீர் நன்னீராகும் பாதை

ஒரே ஒரு ஏரியில்தான் நடக்க நேரம் என்றால் ஜக்கூருக்குப் போங்கள். வடக்கே எலஹங்காவை ஒட்டி, சுமார் 160 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. ஏரியின் மேல்புறம் குடிநீர் வடிகால் வாரியத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே சுத்திகரித்த நீர் நேரே ஏரிக்குள் விழுவதில்லை. சம்பும் கோரையும் வளர்ந்த சதுப்பு நிலத்துக்குள் மெல்ல நகர்ந்து வருகிறது. நீரில் மிச்சமிருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அந்தத் தாவரங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. அதன் பிறகே ஏரி. ஏரியிலிருந்து கசியும் நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஊறுகிறது. நகரங்கள் தங்கள் கழிவுநீரை என்ன செய்யலாம் என்பதற்கு இந்தியாவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இடங்களில் ஜக்கூரும் ஒன்று.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதை விட நடந்து தெரிந்துகொள்வது மேல். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஆரம்பித்து ஏரியை நோக்கி நடந்தால், கோரைக்குள் நீலத் தாழைக்கோழிகள் வாலை உதறிக்கொண்டு மேயும். நீர் விரிந்த இடத்தில் நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கும். நடுவில் கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை வளைக்கும். காலையில் பரிசலில் போய் வலையெடுக்கும் மீனவர்கள், கரையிலேயே மீனை எடை போட்டு விற்பதைப் பார்க்கலாம். ஏரி சுத்தமா என்று எந்த ஆய்வகமும் சொல்வதற்கு முன்னால் அவர்கள் வலை சொல்லிவிடும். கோடியைத் தாண்டித் தென்புறம் இறங்கினால் தண்ணீர் போகும் வழி ராச்சேனஹள்ளி ஏரிக்கு அழைத்துச் செல்லும். இரண்டு ஏரிகளையும் சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரு காலைப் பொழுது போதும்.

சர்ஜாபுரம் சாலை: நான்கு ஏரி, ஒரு பாடம்

தென்கிழக்கே சர்ஜாபுரம் சாலையில் கசவனஹள்ளி, கைகொண்டரஹள்ளி, சவுல் கெரே, பெள்ளந்தூர் என்று ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. நடுவில் உள்ள கைகொண்டரஹள்ளி ஏரி சுமார் 48 ஏக்கர். வறண்டு, குப்பையும் கழிவும் சேர்ந்து கிடந்த அதை, 2008 வாக்கில் அக்கம்பக்கத்தினர் மாநகராட்சியோடு சேர்ந்து மீட்கத் தொடங்கினார்கள். அவர்கள் நடைபாதை போட்டதோடு நிற்கவில்லை. மாட்டுக்குப் புல் அறுக்க வருகிறவர்களுக்கும் மீன் பிடிக்கிறவர்களுக்கும் அங்கே இடம் தொடர்ந்தது. ஏரியை ஒட்டிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவே வகுப்பறையும் ஆனது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மீட்கப்பட்ட ஏரிகள் பலவற்றில் கம்பி வேலி போட்டார்கள், நேரம் குறித்துக் கதவைப் பூட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே துணி துவைத்தவர், மாடு கழுவியவர், பொன்னாங்கண்ணி பறித்தவர் எல்லாரும் வெளியே நின்றார்கள். அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் ஹரிணி நாகேந்திரா பெங்களூர் ஏரிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, இந்த இழப்பைத் தொடர்ந்து எழுதிவருகிறார். நடைப்பயிற்சிக்காரரின் ஏரியாக மட்டும் சுருங்கிய ஏரி பாதி ஏரிதான். புல்லறுக்கும் பெண்ணுக்கு வழிவிட்டு நடப்பதுதான் அந்தக் கரைக்குச் செய்யும் மரியாதை.

நடைபாதையால் ஏரிக்கே தீங்கு வருவதும் உண்டு. பழைய ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் நீர் மெல்லிதாகப் பரவி, சேறும் புல்லுமாக நிலத்தோடு கரையும். நாரைகளும் உள்ளான்களும் இரை தேடுவது அந்த ஆழமற்ற பகுதியில்தான். அங்கேயும் மண்ணைக் கொட்டிச் சுற்றிலும் வட்டப் பாதை போட்டுவிட்டால் நடப்பவருக்கு வசதி, பறவைக்குப் பட்டினி. முழு வட்டம் அடிக்க முடியாத ஏரி என்றால் குறை என்று எண்ண வேண்டாம். வந்த வழியே திரும்பி நடக்கலாம்.

இந்தச் சங்கிலியின் அடியில் இருப்பது பெள்ளந்தூர், பெங்களூரின் மிகப் பெரிய ஏரி. நகரத்தின் கழிவில் பெரும் பங்கை விழுங்கி நுரை தள்ளிய ஏரி. 2015-லும் 2017-லும் அதில் தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் பற்றிய தீயை ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் வந்து அணைக்க வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் இதே பகுதியின் வெளிவட்டச் சாலையும் விலையுயர்ந்த குடியிருப்புகளும் மூழ்கின. டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். ராஜகாலுவேக்களை அடைத்தும் சுருக்கியும் கட்டடம் எழுப்பிய ஊரில், ஏரிகள் வழியத் தொடங்கியதும் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டது. இரண்டே ஆண்டில், 2024 கோடையில், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அதே ஊர் லாரிகளுக்குக் காத்து நின்றது. வெள்ளமும் வறட்சியும் ஒரே தவறின் இரண்டு விளைவுகள். கசவனஹள்ளியிலிருந்து பெள்ளந்தூர் வரை கால்வாயை ஒட்டி ஒரு முறை நடந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாரதியை மொழிபெயர்த்தவர் காத்த ஏரி

ஜே.பி. நகர் ஏழாம் கட்டத்தில் புட்டேனஹள்ளி ஏரி இருக்கிறது. சுமார் 13 ஏக்கர்தான். சுற்றிலும் அடுக்குமாடிகள். வற்றிக் குப்பைமேடாகிக்கொண்டிருந்த அதைக் காப்பாற்ற 2010-ல் அப்பகுதி மக்கள் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். முன்னின்றவர் உஷா ராஜகோபாலன். எழுத்தாளர். பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தை ஆங்கிலத்தில் தந்தவர். அடுத்த ஆண்டே மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து ஏரியைப் பராமரிக்கும் பொறுப்பை அந்த அறக்கட்டளை ஏற்றது. குடிமக்கள் முறைப்படி பொறுப்பேற்ற தொடக்க கால ஏரிகளில் இதுவும் ஒன்று.

வரத்துக் கால்வாய்கள் கட்டடங்களுக்கு அடியில் போய்விட்டதால் மழை மட்டும் ஏரிக்குப் போதவில்லை. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் சுத்திகரித்த நீரைக் கொண்டுவர வழி செய்தார்கள். ஆகாயத்தாமரையை அகற்றி, மரம் நட்டு, பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். சின்ன ஏரிதான். ஆனால், ஒரு தெருவில் இருப்பவர்கள் தங்கள் ஏரியை விடமாட்டோம் என்று முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதை அங்கே ஒரு சுற்று நடந்து பார்த்துவிடலாம்.

அல்சூரில் வள்ளுவர், ஹெசரகட்டாவில் புல்வெளி

அல்சூர் ஏரிக்கரை தமிழருக்குப் பழக்கமான கரை. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. 1991-லிருந்து திறக்கப்படாமல் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை, 18 ஆண்டு கழித்து 2009 ஆகஸ்டு 9 அன்று அந்தக் கரையில்தான் திறக்கப்பட்டது. எடியூரப்பா முதல்வராக இருந்தபோது கருணாநிதி வந்து திறந்துவைத்தார். சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை எழுந்தது. தண்ணீரை வைத்துச் சண்டை போட்ட இரண்டு மாநிலங்கள் கைகுலுக்கிக்கொண்ட இடம் ஒரு நீர்க்கரை என்பதை நினைத்துக்கொண்டே அங்கே நடக்கலாம். 2016 மார்ச்சில் அதே ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கூட்டம் வேண்டாம், வானம் வேண்டும் என்பவர்களுக்கு ஹெசரகட்டா. நகரின் வடமேற்கே அர்க்காவதியின் குறுக்கே 1894-ல் கட்டிய நீர்த்தேக்கம் அது. பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் முதலில் வந்தது அங்கிருந்துதான். அதை ஒட்டிப் பரந்து கிடக்கும் புல்வெளியில் குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து இரை தேடும். மரமில்லாத நிலம் வெற்று நிலம் என்று எண்ணி அதைப் பல திட்டங்களுக்குக் கேட்டார்கள். புல்வெளி தானே ஒரு முழு உயிர்ச்சூழல் என்று இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2024-ல் மாநில வனவிலங்கு வாரியம் அதைக் காப்பகமாக அறிவிக்க ஒப்புதல் தந்தது.

போன கரைகள்

எல்லா ஏரிக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறுகிறவர்கள் நிற்பது தர்மாம்புதி ஏரியின் மேல். அசோக் நகர்க் கால்பந்து மைதானம் இருப்பது சூளே ஏரியில். கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது சம்பங்கி ஏரியில். சம்பங்கியில் இப்போது ஒரு சிறு குளம்தான் மிச்சம். கரக விழாவின் சடங்குகள் இன்றும் அந்தத் துண்டுத் தண்ணீரைத் தேடி வருகின்றன. அவ்விழாவை நடத்தும் திகளர்கள் தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகத்தினர். ஏரி நீரை நம்பிக் கீரையும் பூவும் விளைவித்து இந்த ஊருக்குத் தந்தவர்கள். ஏரியை ஊர் மறந்த பிறகும் அவர்களுடைய சாமி மறக்கவில்லை.

1986-ல் லட்சுமண ராவ் குழு, ஏரிகளைக் காக்க வேண்டும், கழிவை விடக்கூடாது, ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று அறிக்கை தந்தது. 2016-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்றது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அறிக்கையும் உத்தரவும் வரும், போகும். போன ஏரிகளையும் பிழைத்த ஏரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: கைகொண்டரஹள்ளியும் புட்டேனஹள்ளியும் பிழைத்தது, தினமும் வந்து பார்த்து, கேள்வி கேட்ட மனிதர்களால்.

தண்ணீர் வந்து சேரும் இடம்

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பதில் ஓசூரில் இருக்கிறது. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்த நீர் தட்சிண பினாகினியில் சேர்ந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறக்கும்போது அங்கே மலைபோல் நுரை பொங்கும் படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், திருக்கோவிலூர், கடைசியில் கடலூரில் கடல். பெங்களூரின் ஒரு தெருவில் யாரோ சாக்கடையை ராஜகாலுவேயில் இணைத்தால், அதன் விலையைக் கொடுப்பவர்களில் ஓசூர் விவசாயியும் இருக்கிறார். ஜக்கூரில் கோரைப் புல் நீரைச் சுத்தம் செய்தால் அதன் பலனில் ஒரு பங்கு தென்பெண்ணைக்கும் வருகிறது. கடல் இல்லாத ஊரின் கரையும் கடலூரின் கரையும் ஒரே நீரின் இரண்டு முனைகள்.

கிளம்பும் முன்

செப்டம்பர், அக்டோபரில் பெங்களூரில் நல்ல மழை. அதன் பிறகு ஏரிகள் நிறைந்திருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும். பல ஏரிகளில் காலையும் மாலையும் மட்டுமே அனுமதி, நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள். போகும் முன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். வாத்துக்கும் மீனுக்கும் ரொட்டி போடாதீர்கள், மிஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும். பாட்டை உரக்க வைக்காதீர்கள். அல்சூருக்கும் பட்டந்தூருக்கும் மெட்ரோவிலேயே போகலாம்.

கூடவே சில கேள்விகளைக் கொண்டுபோங்கள். இந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வரும் வழி திறந்திருக்கிறதா? கோடி எங்கே இருக்கிறது? அதைத் தாண்டி நீர் எந்த ஏரிக்குப் போகிறது? முன்பு இங்கே மாடு மேய்த்தவர், மீன் பிடித்தவர் இன்னும் உள்ளே வர முடிகிறதா? விடை தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விடை கவலை தருவதாக இருந்தால் ஏரிக் காவலரிடம் சொல்லுங்கள், வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அந்த ஏரிக்கென்று குழு இருந்தால் அதில் சேருங்கள். பெங்களூரில் வாழும் தமிழர் எண்ணிக்கை சிறியதல்ல. அவர்களில் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக்குப் பக்கத்து ஏரியையும் அதன் வரத்துக் கால்வாயையும் தெரிந்து வைத்துக்கொண்டாலே, இருக்கும் ஊருக்கும் பிறந்த ஊருக்கும் ஒருசேர நன்மை செய்தவர்கள் ஆவார்கள்.